மாமியார் வளர்த்த கிளியை என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். கோவையில் மருதமலை அடிவாரத்துக்குப் பக்கம் எங்கள் வீடு. என் மாமியார் பதினோரு வருஷமாக ஒரு பச்சைக்கிளி வளர்த்தார். போன வருஷம் அவர் தவறிவிட்டார். இப்போது கிளியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலிங் பெல் அடித்தால் மாமியார் குரலிலேயே ‘யாரு?’ என்று கேட்கும். இது போதாதென்று, கிரகப்பிரவேசத்துக்கு வந்த உறவினர் ஒருவர் யோகம் வரும் என்று சொல்லி ஒரு நட்சத்திர ஆமையைக் கொடுத்துவிட்டுப் போனார். பத்தாவது படிக்கும் மகன் அடம்பிடித்து நான்கு மாதத்துக்கு முன் சன் கோனூர் என்ற வெளிநாட்டுக் கிளி ஒன்றை வாங்கினான். அடுத்து இக்வானா என்ற பெரிய பல்லி வேண்டுமாம். மாமனாரோ, மாமியார் போனதிலிருந்து மொட்டை மாடியில் சோறும் வாழைப்பழமும் வைக்கிறார். முதலில் காக்கைக்குத்தான் வைத்தார். இப்போது இருபது குரங்கு வருகிறது, மயில் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ‘ஃபாரஸ்ட்டுக்கு எழுதிப் போடுவேன்’ என்கிறார். கிளியைத் திறந்து விட்டுவிடலாமா? எங்கள் மேல் கேஸ் வருமா? மாமனார் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்டதில் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

என் கிளினிக்குக்கு வருஷத்தில் நாலைந்து ‘திறந்துவிட்ட கிளி’ வந்துவிடும். யாரோ புண்ணியம் என்று நினைத்து மாடியில் கூண்டைத் திறந்திருப்பார். கிளி எதிர் வீட்டு வேப்பமரம் வரை போகும். அதற்கு மேல் போகத் தெம்பிருக்காது. ஒன்றரை அடிக் கூண்டுக்குள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த பறவைக்கு நெஞ்சுச் சதை வற்றிப்போயிருக்கும். விரலால் தடவினால் நடு எலும்பு கத்தி விளிம்பு மாதிரி தட்டுப்படும். கொஞ்ச நேரத்தில் காக்கைகள் சூழ்ந்துகொள்ளும். கடைசியாக வந்ததை ஒரு கல்லூரிப் பையன் ஹெல்மெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ஒரு கண் போயிருந்தது. மேசையில் வைத்ததும் என்னைப் பார்த்து ‘அக்கா, காபி’ என்றது. அந்த அக்கா யாரென்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரை தேடத் தெரியாது, வைரி வந்தால் ஒளியத் தெரியாது, மனிதர்களைக் கண்டால் பயமும் கிடையாது. கூண்டில் தொற்றிய நோய் ஏதாவது இருந்தால் வெளியே இருக்கும் கூட்டத்துக்கும் அதைக் கொண்டுபோகும். போதாக்குறைக்கு, சட்டப்படி அந்தக் கிளி உங்களுடையதே இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 39, இப்படிச் சட்டத்தை மீறி வைத்திருக்கும் காட்டுயிர் அரசாங்கத்தின் சொத்து என்கிறது. அதனால் விடுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுப்பது உங்கள் கையில் இல்லை.

‘பதினோரு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தோமே’ என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம்தான். ஆனால் சட்டத்தின் முதல் கேள்வி, இது எந்த ஊர் உயிர் என்பதுதான். நம் நாட்டுக் காடுமேட்டில் இருக்கும் பறவையா, வெளிநாட்டில் இருந்து வந்த இனமா? இதற்கு என்ன பதில் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற விதியெல்லாம். கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் சின்னப் பறவை ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். அதை வைத்துக்கொள்ள எந்தப் பதிவும் வேண்டாம். கொண்டை வைத்த காக்கட்டீலுக்கும் அப்படியே. ஆனால் நம் ஊர்த் தென்னை மரப் பொந்தில் பொரிந்த பச்சைக்கிளியை வைத்திருந்தால் குற்றம். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது 1990களின் தொடக்கத்திலிருந்தே தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதில் பச்சைக்கிளி, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சின்னக் கிளி, பெரிய கிளி, பேசுவது, பேசாதது என்ற வித்தியாசம் கிடையாது. தினைக்குருவி என்று சாயம் பூசி விற்கிறார்களே, அந்தச் சில்லைகளுக்கும் இதே சட்டம்தான்.

இந்த விதியின் காரணத்தை நினைத்துப் பார்த்தால் கோபம் வராது. கிளி பொந்தில் குஞ்சு பொரிக்கும் காலத்தில், இறகு முளைக்காத குஞ்சுகளாக எடுத்துச் சாக்கிலும் கூடையிலும் அடைத்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். பாதி வழியிலேயே செத்துப்போகிறவை அதிகம். குஞ்சை எடுக்கப் பொந்தை உடைப்பதால் அடுத்த வருஷம் அந்த மரத்தில் கிளி முட்டையிடவும் முடியாது. உங்கள் மாமியார் கையில் வந்து சேர்ந்த ஒன்று, பிழைத்த ஒன்று.

கேஸ் வருமா என்று கேட்டீர்கள். வரலாம் என்பதுதான் உண்மையான பதில். இரண்டாம் அட்டவணை உயிரினம் என்றால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. பெரும்பாலும் இது இணக்கக் கட்டணம், அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் வனத்துறையிடமே கட்டும் தொகை, கட்டி முடிகிற விவகாரம். 2022 திருத்தம் அந்தக் கட்டணத்தின் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக ஏற்றிவிட்டது. 2023இல் சென்னையில் ஒரு நடிகர் வீட்டில் இரண்டு பெரிய கிளிகள் இருந்ததற்கு இரண்டரை லட்சம் கட்டிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அவர் கிளி வளர்க்கும் வீடியோ வெளியே வந்து, வனத்துறை தேடிப்போன கதை அது. நீங்களாகப் போய் ஒப்படைப்பது வேறு. இத்தனை வருஷத்தில் நான் கூட்டிக்கொண்டு போன எந்தக் குடும்பத்தின் மீதும், பரம்பரையாக வீட்டில் இருந்த ஒற்றைக் கிளிக்காக வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. அதற்காக இது சட்டம் தரும் உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; அதிகாரியின் கையில் இருக்கும் விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப்போடும் முன் நீங்கள் போய்விடுவது நல்லது, அவ்வளவுதான்.

எப்படிப் போவது? முதலில் உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். கூண்டைத் தூக்கிக்கொண்டு நேரே டவுன் பஸ் ஏறிவிடாதீர்கள். காட்டுயிரை அனுமதியில்லாமல் எடுத்துப்போவதும் தனிக் குற்றம். விவரத்தைச் சொல்லி, நாங்கள் கொண்டுவரலாமா, நீங்கள் ஆள் அனுப்புகிறீர்களா என்று கேளுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதுங்கள்: இன்னார் வளர்த்தது, இத்தனை வருஷம், அவர் இறந்த தேதி, சட்டம் தெரிந்ததும் நாங்களாக முன்வந்து ஒப்படைக்கிறோம் என்று. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒப்புகைத் தாள் இல்லாமல் திரும்பி வராதீர்கள். ‘இங்க வச்சிட்டுப் போங்கம்மா, பார்த்துக்கிறோம்’ என்று வாய்ச்சொல்லோடு அனுப்பினால், பொறுமையாக உட்கார்ந்து கேட்டு வாங்குங்கள்.

இனி ஆமை. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது இதுதான். உங்கள் வீட்டில் இருப்பவற்றில் மிகவும் வில்லங்கமானது அந்த ஆமை. நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில், அதாவது புலியும் யானையும் இருக்கும் பட்டியலில் இருக்கிறது. தண்டனை குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குறைந்தபட்சச் சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்பதால் இணக்கக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளும் வழியும் கிடையாது. நம் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் பிடித்து, சென்னை வழியாகத் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் பெட்டி பெட்டியாகக் கடத்துகிறார்கள். 2019இல் உலக நாடுகள் கூடி இதன் சர்வதேச வணிகத்தை முழுக்க நிறுத்தினதற்கு அதுதான் காரணம். அந்தச் சங்கிலியில் உள்ளூர் யோகத்துக்கென்று கழன்று விழுந்த ஒன்று உங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வந்திருக்கிறது.

அதனால் ஆமை விஷயத்தில் மட்டும், வனத்துறைக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். முடிந்தால் கூடவே அழைத்துப் போங்கள். நான் கால்நடை மருத்துவன், வக்கீல் இல்லை. யார் கொடுத்தார் என்று கேட்பார்கள். உறவினரைக் காப்பாற்றுகிறேன் என்று ‘தோட்டத்தில் கிடந்தது’ என்று கதை சொன்னால் பிறகு அதையே பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். பழைய சமாச்சாரம்தானே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். இதில் ஒரு வாரம்கூட அதிகம். ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டோரம் கொண்டுபோய் விடும் யோசனை வீட்டில் யாருக்காவது வந்தால் அதையும் தடுத்துவிடுங்கள். எந்த வட்டாரத்து ஆமை என்று தெரியாமல் இங்கே விட்டால், நோயும் கலப்பும் இங்குள்ள ஆமைகளுக்குப் போகும்.

அதுவரை அதைப் பாத்ரூம் வாளியில் வைக்காதீர்கள். இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆமை என்றாலே தண்ணீர் என்று நினைத்து வாளியில் விட்டுவிடுகிறார்கள். இது நிலத்து ஆமை, நீந்தத் தெரியாது. ஒருமுறை இட்லியும் வெள்ளரிக்காயும் தின்று வளர்ந்த ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். வெயிலே படாத ஆமை. கட்டைவிரலால் ஓட்டை அழுத்தினேன். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி உள்ளே போனது. வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாமல் எலும்பு கரைந்துவிட்டது. காலை வெயில் படுகிற இடத்தில், பாதி நிழலோடு, காய்ந்த மண்ணில் வையுங்கள். புல், முருங்கைக் கீரை, கொஞ்சம் செம்பருத்தி இலை போதும். சோறு, பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். மகன் அதைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். ஆமைகளின் மேல் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும். குழந்தைகளுக்கு அது தொற்றுகிறது என்பதற்காகவே அமெரிக்காவில் 1975லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளை விற்கத் தடை போட்டார்கள்.

சன் கோனூருக்கு வருவோம். இங்கே கணக்கு மாறுகிறது. அது தென் அமெரிக்கப் பறவை. வைத்திருப்பதே குற்றம் என்று இல்லை. சொல்லாமல் வைத்திருப்பதுதான் பிரச்சினை. 2022 திருத்தத்தில் நான்காம் அட்டவணை என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியல் அது. கோனூர், மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே ஆகிய கிளிகள், பால் பைதான் என்ற மலைப்பாம்பு, இக்வானா எல்லாம் அதில் வருகின்றன. 2024 பிப்ரவரி 28இல் இதற்கான பதிவு விதிகள் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அது 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வாங்குகிறவர்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிய வேண்டும். விண்ணப்பம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் அங்கேயே தெரிவிக்க வேண்டும்.

உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. தாமதம்தான், ஆனாலும் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். தாமதத்துக்குக் காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். இதற்குக் கடைக்காரரின் பில் வேண்டும். ‘பேப்பர் எல்லாம் கொடுத்திருக்கோம் சார்’ என்று சொல்லி ஒரு வண்ண அட்டையைக் கொடுத்திருப்பாரே, அதை எடுத்துப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் என்னிடம் கொண்டுவருவது டி.என்.ஏ. அட்டை. பறவையின் இறகை எடுத்துச் சோதித்து, ஆணா பெண்ணா என்று சொல்லும் லேப் ரிப்போர்ட் அது. அதில் பறவையின் படம், வளைய எண், ஹாலோகிராம் எல்லாம் பளபளவென்று இருக்கும். சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் பறவை பொட்டை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கடைக்குப் போய், தேதியும் விலையும் கால் வளைய எண்ணும் போட்டு, விற்றவர் பெயரோடு பில் கேளுங்கள். அந்தப் பறவையை அவர் தன் பெயரில் பதிந்திருந்தாரா என்றும் கேளுங்கள். முகம் மாறினால் இனி அந்தக் கடைப் பக்கம் போக வேண்டாம்.

பறவையின் நிலைமையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சன் கோனூர் கூட்டமாக வாழ்கிற பறவை. தனியாக வைத்தால் கத்தும். அந்தக் கத்தல் காங்கிரீட் சுவரைத் துளைக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் கோபத்தில் பாதி குரங்கால் வந்தது, மீதி இந்தப் பறவையால் வந்ததாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது இருபத்தைந்து வருஷம் இருக்கும். உங்கள் மகன் கல்லூரி, வேலை, கல்யாணம் என்று போன பிறகும் இருக்கும். பதினோரு வருஷக் கிளி உங்கள் கைக்கு வந்து சேர்ந்த மாதிரி இதுவும் வரும். வெறும் சூரியகாந்தி விதை போடுவதாக இருந்தால் நிறுத்துங்கள். கொழுப்பு ஏறிக் கல்லீரல் கெடும். காய், கீரை, பெல்லட் என்ற பறவைத் தீவன உருண்டை என்று மாற்றுங்கள்.

இக்வானாவுக்கு என் பதில் ஒரே வரி: வேண்டாம். கடையில் கையகல நீளத்தில் பச்சையாக அழகாகத்தான் இருக்கும். சில வருஷத்தில் வாலோடு ஐந்தடி வரும். அதற்கு ஓர் அறையும் தனி விளக்கும் தேவை. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் சாக்ஸில் சுருட்டிக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளை மகனுக்கு எடுத்துக் காட்டுங்கள். அவனுக்கு இந்த வயதில் அது உறைக்கும்.

சரி, மாமனார் விஷயம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பகுதியைத்தான். மனைவி போன பிறகு அவர் காக்கைக்குச் சோறு வைக்க ஆரம்பித்திருக்கிறார். அதில் தவறு ஒன்றும் இல்லை. எந்த வனத்துறையும் ஒரு பிடி சோற்றுக்காக யார் வீட்டுக் கதவையும் தட்டப் போவதில்லை. அந்த ஒரு பிடி, படி அரிசியாகி, வாழைத்தாராகி, குரங்குக் கூட்டத்துக்குப் பந்தியானதுதான் பிரச்சினை.

இதில் சட்டம் எப்படி என்றால், சரணாலயம், புலிகள் காப்பகம், காப்புக்காடு, மலைப்பாதை இங்கெல்லாம் விலங்குக்கு உணவு கொடுத்தால் வனத்துறை அபராதம் போடும். நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் சாலைகளில் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் சொந்த மொட்டை மாடியில் நிலைமை அவ்வளவு நேரடி இல்லை. ஆனால் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில், இரை காட்டிக் காட்டுயிரை இழுப்பதும் அடக்கம். பழம் வைக்கும் பெரியவரை வேட்டைக்காரர் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பழத்துக்கு வந்த குரங்கு பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்துவிட்டால், புகாரில் உங்கள் வீட்டு எண் இருக்கும். அப்படிக் கடித்தால், அல்லது நகம் கீறினால்கூட, உடனே கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசி வைப்பதெல்லாம் வேண்டாம்.

ஆனால் மாமனாரிடம் சட்டம் பேசி அவர் கேட்கப் போவதில்லை. அவரிடம் ரிவால்டோ கதையைச் சொல்லிப் பாருங்கள். மசினகுடி பக்கம் வாழைத்தோட்டத்தில் தும்பிக்கையில் காயம்பட்ட ஒரு ஆண் யானை. பாவம் என்று பார்த்த ஜனம் பழம் கொடுத்தது. யானை காட்டை மறந்து ஊரோரமே நின்றது. வீடு, ரிசார்ட் என்று போய் நிற்கும். கொடுத்தவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள்தான். கடைசியில் 2021 மே மாதம் அதை மரக்கூண்டில் அடைக்க வேண்டி வந்தது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டுக்குள் வெகுதூரம் கொண்டுபோய் விட்டார்கள். அது ஓரிரு நாளில் நடந்தே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு யாரும் அதற்குத் தின்னக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதே வன ஊழியர்களுக்குத் தனி வேலையாகிவிட்டது. ஒரு காட்டு யானை கூண்டுக்குப் போனதற்கு ஆரம்பம் யாரோ ஒருவர் நீட்டிய ஒரு பழம்.

உங்கள் ஊர்க்கதையே போதும் என்றால், 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் விழுந்து கிடந்த பெண் யானையைச் சொல்லலாம். மாமனாருக்கே தெரிந்திருக்கும். பல நாள் சிகிச்சை கொடுத்தும் பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் இருந்தது, கருவில் குட்டியும் இருந்தது. பக்கத்துக் குப்பைக் கிடங்கில் எஞ்சிய சோற்று வாசனைக்கு வந்து பழகிய யானைகள் அவை. உங்கள் வீட்டுக்கும் அந்தக் காட்டு விளிம்புக்கும் எவ்வளவு தூரம்? மாடியில் பலாச்சுளையும் வாழைப்பழமும் வைத்தால் குரங்குக்கு மட்டும்தான் வாசனை போகும் என்று இல்லை. தடாகம், நரசீபுரம் பக்கம் சமையலறைச் சுவரை இடித்து அரிசி மூட்டையை இழுத்துப்போகிற யானைகள் அந்த வாசனையைப் பிடித்து வருபவைதான்.

குரங்கின் பக்கத்தையும் பாருங்கள். நாட்டுக்குரங்குக்குக் காட்டில் நாளின் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே போகும்: அத்திப்பழம், இளந்தளிர், பூச்சி. பத்து நிமிஷத்தில் வயிறு நிறையும் இடம் கிடைத்துவிட்டால் அது ஏன் போகப் போகிறது? குட்டிகள் மாடியைத்தான் காடு என்று கற்றுக்கொள்கின்றன. வால்பாறை புதுத்தோட்டத்தில், உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கும் சிங்கவால் குரங்குகள், சாலையோரத் தீனிக்கு இறங்கிவந்து வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. அவை சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கீழே சிப்ஸ் பாக்கெட் நீட்டினால் பாலத்தை யார் பார்ப்பார்? மயிலும் அப்படியே. உங்கள் மாடியில் அரிசி தின்று பெருகுகிற மயில் மீதி நேரம் பக்கத்துத் தோட்டத்தில் சோளத்தையும் கடலையையும் கொத்தும். எரிச்சலில் விஷம் வைக்கிற விவசாயிகள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். மயில் முதல் அட்டவணை. அவர் ஜெயிலுக்குப் போவார், மயில் செத்துப்போயிருக்கும்.

எப்படி நிறுத்துவது? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்காதீர்கள். நேற்று பத்துப் பழம், இன்று ஐந்து என்றால், அந்த ஐந்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு குரங்குகள் இன்னும் மூர்க்கமாகும். ஒரு நாளைக் குறித்து முழுக்க நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் பொல்லாத காலம். வழக்கமான நேரத்துக்கு வரும், கம்பியை உலுக்கும், தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கும். அந்த நாட்களில் மாடியில் வடகம், வற்றல் காயப்போட வேண்டாம். குப்பைக்கூடை வீட்டுக்குள் இருக்கட்டும். கையில் பிளாஸ்டிக் பையோடு மாடிக்குப் போகாதீர்கள். பை என்றாலே தீனி என்று அவற்றுக்குப் பாடமாகியிருக்கும். கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். குரங்கு பாஷையில் இரண்டும் சண்டைக்கு அழைப்பு. பட்டாசு, கல், உண்டிவில் கூடவே கூடாது. தரையில் தடியைத் தட்டிச் சத்தம் கொடுத்தால் போதும். தொடர்ந்து ஒன்றும் கிடைக்காவிட்டால் வேறு பக்கம் போய்விடும். இதில் பக்கத்து வீடுகளும் ஒத்துழைக்க வேண்டும். உங்கள் மேல் கோபமாக இருக்கும் அந்த மனிதரிடமே முதலில் போய், ‘இந்தத் தேதியிலிருந்து நிறுத்துகிறோம், இரண்டு மூன்று வாரம் தொந்தரவு கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். எழுதிப்போடுவேன் என்றவரே உங்களுக்குத் துணைக்கு நிற்கக்கூடும். எனக்குத் தெரிந்து இரண்டு தெருக்களில் அப்படி நடந்திருக்கிறது.

மாமனாருக்குச் சோறு வைக்கும் வேலையை முழுதாகப் பறிக்க வேண்டாம். காலையில் காக்கைக்கு ஒரு பிடி. அவரே பக்கத்தில் நின்று, தின்று முடித்ததும் இடத்தைக் கழுவிவிட்டு இறங்கட்டும். சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கென்று வாங்கும் வாழைப்பழம் கோவில் அன்னதானத்துக்குப் போகட்டும். அமாவாசைக்கு மாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்திருக்கும். அதைத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது, தான் வைத்ததை ஒரு உயிர் வந்து தின்பதைக் கண்ணால் பார்ப்பது. பசுமாடு அதற்குக் குறை வைக்காது.

கிளியை ஒப்படைக்கும் அன்று அவரும் கூட வரட்டும். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன தின்னும், எது பிடிக்காது, ராத்திரி கூண்டை மூடுவீர்களா, இறகு எப்போதாவது வெட்டியிருக்கிறதா, என்னென்ன வார்த்தை பேசும். வாங்கிக்கொள்கிற இடத்தில் முதல் ஒரு வாரம் அது சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். பழகிய தீனியும் பழகிய வார்த்தையும் தெரிந்தால் பார்த்துக்கொள்பவருக்கு உதவும். பாலில் நனைத்த பிரெட் கொடுத்து வந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். அதற்கு முன் இன்னொன்று: உங்கள் போனில் அந்த ‘யாரு?’வைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே யாருக்கும் அனுப்ப வேண்டாம், வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். மாமனாருக்கு மட்டும்.